கிரீடம் தங்கும் வாரம்: தெர்செய்ரா தீவு நாட்குறிப்பு

மே 25, 2025, ஞாயிறு

சாயங்காலம் பேண்டு சத்தம் கேட்டதும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. முன்னால் சிவப்புக் கொடி, பின்னால் வெள்ளை உடுப்பில் பிள்ளைகள், நடுவில் தட்டில் வைத்த வெள்ளிக் கிரீடமும் செங்கோலும். கிரீடத்தின் உச்சியில் சிறகு விரித்த புறா. போன வாரம் அதை வைத்திருந்த வீட்டார் கொண்டுவந்து கொடுக்க, பக்கத்து வீட்டம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் கலங்கிவிட்டது.

அசோரஸ் என்பது ஒன்பது தீவுகள். போர்ச்சுகலைச் சேர்ந்தவைதான், ஆனால் லிஸ்பனிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கின் நடுவே கிடக்கின்றன. அதில் தெர்செய்ராவில் நாங்கள் இருக்கிறோம். தீவு முழுக்கச் சேர்த்தால் 53,000 பேர் இருப்பார்கள். ஈஸ்டர் முடிந்ததிலிருந்து, அதற்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகோஸ்து திருநாள் வரைக்கும் பரிசுத்த ஆவியின் கிரீடம் வாரம் ஒரு வீடாகத் தங்கிப் போகும். யார் வீடு என்பதை முந்தின வருடமே சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிடுவார்கள். வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற கணக்கு அந்தச் சீட்டில் கிடையாது. கிரீடம் தங்கும் வீட்டுக்காரருக்கு அந்த வாரம் 'இம்பெராடோர்', அதாவது பேரரசர் என்று பட்டம். பக்கத்து வீட்டு ஐயா விடியுமுன் எழுந்து மாடு கறந்து, பாலை வண்டியில் ஏற்றிவிடும் மனிதர். இந்த வாரம் அவர்தான் எங்கள் தெருவின் பேரரசர்.

ஹாலில் இருந்த சோபாவும் டிவியும் மாடிக்குப் போய்விட்டன. அந்த இடத்தில் படிப்படியாக உயர்ந்த பீடம், வெள்ளைத் துணி, காகிதப் பூ, விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலே கிரீடம்.

மே 27, செவ்வாய்

ராத்திரி செபமாலைக்குப் போய் வந்தேன். வாரம் முழுக்க தினமும் உண்டு. யாரையும் அழைக்க மாட்டார்கள், கதவு திறந்தே இருக்கும், போய் உட்கார வேண்டியதுதான். சாமியார் வருவதில்லை. வயதான ஒரு பாட்டி முன்னால் சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள். முடிந்ததும் பிஸ்கட்டும் ஒரு மடக்கு ஒயினும் வரும். அப்புறம் ஊர்க் கதை.

இந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் இசபெல் ராணி என்று இங்கே சொல்கிறார்கள். மன்னர் தினிஷின் மனைவி, 1336ல் இறந்தவர், 1625ல் புனிதர் பட்டம் பெற்றவர். லிஸ்பனுக்கு வடக்கே உள்ள அலெங்கெர் ஊரில் ஓர் ஏழையைக் கூப்பிட்டு அரச கிரீடத்தை அவன் தலையில் வைத்து, ஏழைகளுக்கு விருந்து போட்டாராம். போர்ச்சுகலின் பெரும்பகுதியில் இந்த விழா மங்கிவிட்டது. 15ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறியவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள். நடுக்கடலில் அது நிலைத்துவிட்டது. நிலநடுக்கமும் எரிமலையும் உள்ள தீவுகள் இவை. 1980 ஜனவரி முதல் தேதி வந்த நிலநடுக்கத்தில் எங்கள் தீவின் ஆங்ரா நகரம் பாதிக்கு மேல் நொறுங்கியது. அப்படிப்பட்ட இடத்தில் நேர்ச்சை வைக்க மனிதருக்கு ஒரு கிரீடம் தேவைப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டாருக்கும் ஒரு நேர்ச்சை உண்டு. கலிஃபோர்னியாவில் இருக்கும் மகளுக்குப் பிரசவத்தில் சிக்கல். தாயும் பிள்ளையும் பிழைத்தால் ஊருக்குச் சோறு போடுகிறோம் என்று வேண்டிக்கொண்டார்கள். அந்தக் குழந்தை இன்று பீடத்துக்கு முன்னால் தவழ்ந்து போய்க் காகிதப் பூவைப் பிய்த்தது. யாரும் தடுக்கவில்லை.

மே 29, வியாழன்

"வீசின்யா, அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடு. மோதிரத்தைக் கழற்றி வெச்சுட்டு வா" என்று நேற்றே சொல்லிவிட்டார் பக்கத்து வீட்டம்மா. இங்கே அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது அப்படித்தான். மாசா சொவாடா சுடும் நாள்.

இது இனிப்பு ரொட்டி. மாவு, முட்டை, சர்க்கரை, வெண்ணெய், பால், துருவிய எலுமிச்சைத் தோல், ஈஸ்ட். சாமான் பட்டியலில் விசேஷம் ஒன்றுமில்லை, எல்லாம் கைவேலைதான். நீளமான மரத் தொட்டியில் மாவைக் கொட்டி, இரண்டு பக்கமும் பெண்கள் நின்றோம். முஷ்டியை மடக்கி அடிவரைக்கும் அழுத்த வேண்டும். ஓரத்து மாவை இழுத்து நடுவில் மடித்து மறுபடியும் அழுத்த வேண்டும். முதலில் பிசுபிசுவென்று கையைப் பிடித்துக்கொள்ளும். முக்கால் மணி நேரம் போனபின் தொட்டியை விட்டு விலகி வரும், மேலே சின்னச் சின்னக் கொப்புளம் வெடிக்கும். அதுவரைக்கும் நிறுத்தக் கூடாது. என்னைவிட இருபது வயது மூத்தவர்கள் மூச்சு வாங்காமல் பிசைந்தார்கள்.

பதம் வந்ததும் பாட்டி கையை ஓரமாக வைத்து மாவின்மேல் சிலுவை கீறி, மாவு பொங்கட்டும் என்று ஒரு வேண்டுதலை முணுமுணுத்தார். வெள்ளைத் துணி, அதற்குமேல் கம்பளி. சில மணி நேரம் அதை யாரும் தொடக் கூடாது, ஜன்னலும் திறக்கக் கூடாது.

மத்தியானம் விறகடுப்பு. தணலை ஒதுக்கி, பச்சைத் தழையால் அடுப்புத் தரையைப் பெருக்கி, ஒரு பிடி மாவைத் தூவினார்கள். மாவு கருகினால் சூடு அதிகம். வெள்ளையாகவே கிடந்தால் போதாது. பொன்னிறமாக மாறினால் சரி. வெப்பமானி எதுவும் கிடையாது. முதல் ரொட்டி வெளியே வந்தபோது எலுமிச்சையும் வெண்ணெயும் கலந்த வாசனை தெரு முனை வரை போயிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தாமாகவே வாசலில் நின்றார்கள்.

மே 30, வெள்ளி

இன்று பங்கு கொடுத்தார்கள். மாட்டிறைச்சியை வெட்டி மேசைகளில் பரப்பி, சாமியார் வந்து மந்திரித்த பின், ஒவ்வொரு பங்காக எடுத்துப் போனார்கள்: ஒரு துண்டு பச்சை இறைச்சி, ஒரு ரொட்டி, ஒரு பாட்டில் ஒயின்.

பெண்டாட்டியை இழந்து தனியாக இருக்கும் தாத்தாவுக்கும் போனது, எங்கள் ஊரிலேயே பெரிய வீட்டுக்காரருக்கும் போனது. அவருக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டேன். "ஏழைக்கு மட்டும் கொடுத்தா, வாங்குறவன் ஏழைன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்" என்றார். அவ்வளவுதான் பதில். அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மே 31, சனி

அல்காத்ரா வைத்தார்கள். தெர்செய்ரா என்றால் முதலில் சொல்லும் சாப்பாடு இதுதான்.

மெருகு போடாத அகன்ற மண்சட்டி. அதன் உட்புறம் முழுக்கப் பன்றிக் கொழுப்பு தடவுகிறார்கள். அடியில் வெங்காயமும் புகையில் வாட்டிய பன்றி இறைச்சித் துண்டும். அதன்மேல் எலும்போடு கூடிய மாட்டின் பின்தொடை இறைச்சி, பெரிய பெரிய துண்டாக. பூண்டு, பிரியாணி இலை, மிளகு, ஜமைக்கா மிளகு, உப்பு. மறுபடியும் வெங்காயம், மறுபடியும் இறைச்சி. கடைசியில் இறைச்சி மூழ்கும்வரை ஒயின். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஊற்றுவதில்லை. முந்தாநாள் ரொட்டி சுட்ட அடுப்பிலேயே மறுபடி விறகெரித்து, சட்டிகளை வரிசையாக உள்ளே தள்ளினார்கள்.

அப்புறம் காத்திருப்புதான். ஐயாவும் அவருடைய தம்பியும் கதவைத் திறந்து துண்டுகளைத் திருப்பிவிட்டு மூடினார்கள். பத்து மணிக்கு ஒரு சட்டியைத் திறந்து என்னிடம் காட்டினார் தம்பி. கரண்டி பட்டதும் இறைச்சி எலும்பை விட்டு நழுவியது. குழம்பு கருஞ்சிவப்பு நிறத்தில் கெட்டியாக இருந்தது. "இன்னைக்கு இல்ல, நாளைக்குத்தான்" என்றார். ஒரு ராத்திரி ஆறினால்தான் ருசி இறங்குமாம்.

ஆங்ராவில் உணவகங்களிலும் அல்காத்ரா கிடைக்கும், நன்றாகவே செய்கிறார்கள். ஆனாலும் நாலு பேருக்கு வைத்ததும் ஊருக்கு வைத்ததும் ஒன்றாகாது. பெரிய சட்டியில் கிடக்கும் எலும்பின் சாறு சின்னச் சட்டியில் எங்கே வரும்?

ஜூன் 1, ஞாயிறு

காலையில் கோயிலில் முடிசூட்டு. பூசையின் முடிவில் சாமியார் கிரீடத்தை எடுத்துப் பேரக்குழந்தையைத் தூக்கி வைத்திருந்த மகளின் தலையில் வைத்தார். நேர்ச்சை யாருக்காகவோ அவருக்கே முடி சூட்டலாம் என்று பெற்றோர் சொல்லியிருந்தார்கள். திரும்பி ஊர்வலமாக நடந்து, நேராகப் பந்திக்கு.

வாகனக் கொட்டகையைக் காலி பண்ணி, பலகை மேசை போட்டு, வெள்ளைத் தாள் விரித்திருந்தார்கள். முதலில் சோப்பாஷ். மாட்டிறைச்சியும் கோழியும் முட்டைக்கோஸும் பெரிய அண்டாக்களில் கொதித்த சாறு. ஆழமான பாத்திரத்தில் முந்தின நாள் ரொட்டித் துண்டுகளை அடுக்கி, மேலே ஒரு கொத்துப் புதினா வைத்து, கொதிக்கக் கொதிக்கச் சாற்றை ஊற்றி உடனே மூடிவிடுவார்கள். மேசைக்கு வந்து மூடியைத் திறக்கும்போது ஆவியோடு புதினா வாசம் முகத்தில் அடிக்கிறது. ரொட்டி சாற்றைக் குடித்துப் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். ஏழு நாள் உழைப்பில் எது சிறந்தது என்று கேட்டால், அல்காத்ராவைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

என் கணவர் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவர் முன்னால் கோழிச் சாற்றில் செய்த சோப்பாஷ் தனிக் கிண்ணத்தில் வந்தது. போன கிறிஸ்துமஸில் அவர் தட்டைக் கவனித்தேன் என்றார் பக்கத்து வீட்டம்மா.

அடுத்து வேகவைத்த இறைச்சியும் முட்டைக்கோஸும், அப்புறம் அல்காத்ரா. அதற்குத் தொட்டுக்கொள்ள மாசா சொவாடா. காரசாரமான குழம்பில் இனிப்பு ரொட்டியா என்று முதலில் தோன்றும், ஒரு வாய் வைத்தால் சந்தேகம் போய்விடும். கடைசியில் பட்டைப்பொடியால் கோலம் போட்ட பால்சோறு. பரிமாறியவர்கள் யாரும் கூலிக்கு வந்தவர்கள் இல்லை. பேரரசர் இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒயின் ஊற்றினார். தெரியாத முகம் ஒன்று எட்டிப் பார்த்தால் உடனே நாற்காலி இழுத்துப் போட்டார்கள். நடந்து போய்க்கொண்டிருந்த ஜெர்மன் தம்பதி ஒன்று அப்படித்தான் என் எதிரில் வந்து உட்கார்ந்தது.

எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் திருவிழா முடிவில் அசனம் போடுவார்கள். ஊரெல்லாம் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிடுவோம். இன்று அந்த வரிசையில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

ஜூன் 4, புதன்

இரவல் வாங்கிய அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்கும் வேலை. கூடவே வந்த பக்கத்து வீட்டு மகள் பேசிக்கொண்டே வந்தாள்.

1957ல் ஃபையால் தீவில் கப்பெலினியோஷ் எரிமலை வெடித்து, அடுத்த வருடம் வரைக்கும் சாம்பலைக் கொட்டியது. 1958ல் அமெரிக்கா அசோரஸ் மக்களுக்காகத் தனிச் சட்டம் போட்டு விசா கொடுத்தது. அப்போது செனட்டராக இருந்த ஜான் கென்னடி அதை முன்மொழிந்தவர்களில் ஒருவர். போனவர்கள் பின்னாலேயே மற்றத் தீவுக்காரர்களும் போனார்கள். தெர்செய்ராக்காரர்கள் பலர் கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் பால் பண்ணை வைத்தார்கள். அங்கேயும் கிரீடம் உண்டு, சோப்பாஷ் உண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசம். "ருசியும் சரியாத்தான் இருக்கும். ஆனா அங்க கேஸ் அடுப்பு" என்றாள்.

எனக்கு உள்ளூர ஒரு கவலை. 2011 கணக்கெடுப்பில் 2,46,000க்கு மேல் இருந்த அசோரஸ் மக்கள்தொகை 2021ல் 2,36,000 சொச்சம். வியாழக்கிழமை மாவுத் தொட்டியைச் சுற்றி நின்றவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே இருந்தவர்கள் மகளும் நானும்தான். பணத்துக்குக் குறைவில்லை, வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறார்கள். முக்கால் மணி நேரம் பிசையும் கையை எங்கிருந்து அனுப்புவது? கற்றுக்கொள்ள விருப்பம் உள்ள யாருக்கும், ஊர் எது என்று பார்க்காமல், இவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதுதான் எனக்குத் தெம்பாக இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு, பெந்தெகோஸ்து

முதல் போடோ, அதாவது ஊருக்கெல்லாம் ரொட்டியும் ஒயினும் கொடுக்கும் நாள். ஊரே இம்பேரியோ முன்னால் கூடியது.

இம்பேரியோ என்பது ஒரே ஓர் அறை உள்ள சின்னக் கட்டடம். நீலம், மஞ்சள், சிவப்பு என்று பளீரென்று வண்ணம் அடித்து, முகப்பின் உச்சியில் கிரீடமோ புறாவோ வைத்திருப்பார்கள். இந்தத் தீவில் எழுபதுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கோயிலுக்கு அருகிலேயே இருந்தாலும் கோயிலுக்குச் சொந்தமில்லை. ஊர்ச் சபைதான் கட்டியது, சபைதான் பார்த்துக்கொள்கிறது. பக்கத்திலேயே சாமான் வைக்கும் சின்னக் கட்டடமும் உண்டு.

வருகிறவர்களுக்கெல்லாம் ரொட்டியும் ஒயினும். பேண்டு வாசித்தது. பிறகு ஏலம். அதில் நான் பார்க்கக் காத்திருந்தது அல்ஃபெனிம். சர்க்கரைப் பாகில் கொஞ்சம் வினிகர் விட்டு, சூடு ஆறுமுன் இழுத்து இழுத்து, பால் வெள்ளையாக ஆனதும் புறா, பூ, கோழி என்று உருவம் பிடிக்கிறார்கள். கால் வலி தீர்ந்தவர் சர்க்கரையில் கால் செய்து காணிக்கை வைப்பார். பக்கத்து வீட்டம்மா வைத்தது ஒரு குழந்தை உருவம். அதை ஏலத்தில் எடுத்தது ஐயாவின் தம்பி. வீட்டுக்குப் போகுமுன்பே குழந்தையிடம் கொடுத்துவிட்டார், அது ஒரு கையைக் கடித்துத் தின்றுவிட்டது.

கடைசியில் அடுத்த வருடத்துக்கான சீட்டு. ஒரு சிறுமி பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள். நாலாவது வாரம் ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் இளம் தம்பதிக்கு விழுந்தது. வாடகை வீடு, ஹால் சின்னது. அந்தப் பெண் முகம் வெளுத்துப்போய் நின்றாள். கூட்டத்திலிருந்து ஒருவர் கொட்டகை தருகிறேன் என்றார், இன்னொருவர் கன்றுக்குட்டி ஒன்று என் கணக்கு என்றார். மேடையிலிருந்து இறங்குமுன் பாதி விருந்து சேர்ந்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

இன்று விடுமுறை. பெந்தெகோஸ்துக்கு அடுத்த திங்கள்தான் 1980லிருந்து அசோரஸ் தினம்.

காலையில் சபைக்காரர் ஒருவர் நோட்டோடு வந்து, சந்தா கட்டிச் சேருகிறாயா என்று கேட்டார். சேர்ந்தால் அடுத்த சீட்டுப் பையில் எங்கள் பெயரும் இருக்கும். விழுந்தால் ஊருக்குச் சோறு போட வேண்டும். கணவர் என்னைப் பார்த்தார், நான் பேனாவை எடுத்தேன்.

வரும் ஞாயிறு இரண்டாம் போடோ. ரொட்டி வியாழக்கிழமை சுடுகிறார்கள். முட்டைக்கு இன்றே சொல்லிவைக்க வேண்டும். அது என் பொறுப்பு என்று பக்கத்து வீட்டம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.