மெக்கன்சி சான்றிதழுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்த ஜூனியர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். முதுகு, கழுத்து, மூட்டு வலியை நோயாளியின் அசைவுகளை வைத்தே மதிப்பிட்டுச் சிகிச்சை தருகிற மெக்கன்சி முறையில் புதுப்புது கை டெக்னிக் நிறைய கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் கேட்கவும் கவனிக்கவும் பழக்குகிற படிப்பு இது, எனக்கு அதுதான் கஷ்டமாகவும் இருந்தது.

மொத்தம் நான்கு பாகம். ஏ-யில் இடுப்பு முதுகு, பி-யில் கழுத்தும் நடு முதுகும், சி, டி இரண்டிலும் அதையே ஆழமாக, கூடவே கை கால் மூட்டுகள். அதற்கப்புறம்தான் சான்றிதழ்த் தேர்வு.

1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி கொஞ்ச நேரம் கிடந்தவர், கால் வலி குறைந்துவிட்டது என்றார். மெக்கன்சி அதைத் தற்செயல் என்று விட்டுவிடாமல் அடுத்தடுத்த நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார், முறையே அங்கிருந்துதான் வளர்ந்தது.

தேர்வும் இப்படிக் கவனிக்கத் தெரிகிறதா என்பதைத்தான் சோதிக்கிறது. கேஸ் ஷீட்டைக் கொடுத்து, இது டிரேஞ்ச்மென்டா (சரியான திசையில் அசைத்தால் சீக்கிரம் மாறுகிற மூட்டுக் கோளாறு), டிஸ்ஃபங்ஷனா (இறுகிப்போன திசுவால் வரும் வலி), போஸ்சரலா (ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதால் வரும் வலி), எந்தத் திசையில் அசைக்க வேண்டும், ஏன் என்று கேட்பார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது வலி என்ன ஆகிறது, நிறுத்திய பிறகு என்ன ஆகிறது, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கெண்டைக்கால் வரை இறங்கிய வலி பிட்டத்துக்கு ஏறி, இடுப்பு முதுகின் நடுவில் வந்து நின்று அங்கே கொஞ்சம் கூடினாலும் நல்ல அறிகுறிதான். இதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோய்ப் பயிற்சியை நிறுத்திவிடுவார். செய்முறைத் தேர்வில் டெக்னிக்கைச் செய்து காட்ட வேண்டும், ஆனால் முதலில் நோயாளி தானே செய்வது, போதாவிட்டால்தான் நம் கை என்ற வரிசை மனதில் ஊறியிருக்க வேண்டும்.

நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் முதுகுவலி என்றாலே ஐஎஃப்டி (மின்சாரச் சிகிச்சை), டிராக்ஷன் (முதுகெலும்பை இழுத்துவிடுவது), எல்லோருக்கும் ஒரே பயிற்சித் தாள். மெக்கன்சி மதிப்பீடு செய்தால், ஒருவருக்கு முக்கால் மணி நேரம் எதற்கு என்று அங்கே கோபப்படுவார்கள். சரி என்று காலையில் முதலில் வருபவருக்கு மட்டுமாவது மதிப்பீட்டுப் படிவத்தை முழுசாக நிரப்பினேன். எந்தப் புத்தகத்தையும்விட அந்தப் படிவங்கள்தான் தேர்வுக்கு உதவின. பணம் யோசனையாக இருந்தால் ஏ மட்டும் முடியுங்கள், சில மாதம் நோயாளிகளிடம் செய்து பாருங்கள், அப்புறம் பி-க்குப் பணம் கட்டுங்கள்.