எந்தச் சேலம்?

செப்டம்பர் 12, 2024, வியாழன். 25+5

வயிற்றுப் பிள்ளைக்கு இன்று 25 வாரம், 5 நாள். கருப்பை வாயில் போட்ட தையல் தாங்குகிறதாம். இடது பக்கமாகப் படு, எழுந்திருக்காதே, கவலைப்படாதே. முதல் இரண்டும் என்னால் முடியும்.

மதியம் கீழ்வீட்டுப் பாட்டி சிக்கன் சூப்போடு வந்தார். கையில் சூப், கண் எங்கள் டிவி மேல். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்: உங்கள் டிவியில் பீகாக் வருமாமே? வரும், இன்டர்நெட்டில் ஓடுகிற ஆப், இவர் ஃபுட்பால் பார்க்க வாங்கி வைத்திருக்கிறார். பாட்டிக்கு வேண்டியது ஃபுட்பால் இல்லை. "மை ஸ்டோரி" என்றார். ஏதோ தன் கதையைச் சொல்லப்போகிறார் என்று நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் சொன்னது 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. 1965 நவம்பரில் என்பிசியில் ஆரம்பித்த சீரியல். கிட்டத்தட்ட 57 வருடம் ஆன்டெனா இருந்தால் போதும், சும்மா வரும். 2022-ல் இதே செப்டம்பர் 12-ஆம் தேதி தூக்கி இந்த பீகாக் ஆப்புக்குள் போட்டுவிட்டார்கள். பாட்டி வீட்டில் இன்டர்நெட் கிடையாது.

முதலில் ஒரு மணல் கடிகாரம் வந்தது. ஒரு முதியவர் குரல்: மணல் இறங்குவதுபோல நம் வாழ்வின் நாட்கள் என்று. பாட்டி கூடவே உதட்டை அசைத்தார். கோயிலில் மந்திரம் தெரிந்தவர்கள் அசைப்பதுபோல.

செப்டம்பர் 13, வெள்ளி. 25+6

வந்தார். பார்த்தோம். வயிற்றுக்குள் பத்து உதை எண்ணி முடிக்க 35 நிமிடம்.

செப்டம்பர் 16, திங்கள். 26+2

இன்ஷூரன்ஸ்காரர்கள் அனுப்பிய கவரின் பின்பக்கம் வம்சாவளி போட ஆரம்பித்திருக்கிறேன். மேலே ஹார்ட்டன் குடும்பம்: டாக்டர் டாம், மனைவி ஆலிஸ். அது வரைக்கும் சுலபம். மார்லீனாவில் மாட்டிக்கொண்டேன். மார்லீனா மனநல டாக்டர். ரோமன் என்ற போலீஸ்காரரைக் கட்டிக்கொண்டாள். அவர் செத்துப்போனார். 1986-ல் முகமெல்லாம் கட்டுப் போட்ட ஒருவர் ஊருக்கு வந்தார். கட்டைப் பிரித்தால் வேறு முகம், ஆனால் இவர்தான் ரோமன், முகத்தை மாற்றிவிட்டார்கள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மார்லீனாவும் குடும்பம் நடத்தினாள். 1991-ல் பழைய ரோமன் பழைய முகத்தோடு வந்து நின்றார். அப்படியானால் இந்த ஆள் யார்? ஜான் பிளாக். இத்தனை வருடமும் அவர் யாரென்று அவருக்கே தெரியாது.

கவர் பத்தவில்லை. நல்லவேளை, இன்னொரு கவர் வந்தது. அதிலும் பணம் கட்டச் சொல்லித்தான்.

அம்மா போனில் இருந்தபோது பாட்டி ஏதோ கேட்க, நான் "சேலத்துல எல்லாருமே அப்படித்தான்" என்றேன். கதை நடக்கிற ஊர் பெயர் சேலம். அம்மா உடனே, "எந்தச் சேலம்? யார்டி சேலத்துல? உங்க பெரியம்மாவுக்கு என்ன?" பத்து நிமிஷம் ஆயிற்று சமாதானப்படுத்த. இது அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கிற கற்பனை ஊர், அம்மா. மாம்பழம் கிடையாது.

அம்மாவுக்கு விசா தேதி வரவில்லை.

செப்டம்பர் 19, வியாழன். 26+5

பாட்டி டோனட் செய்துகொண்டு வந்தார். சர்க்கரைக் கணக்கு பார்க்கிறவள் முன்னால் டோனட். முகர்ந்துவிட்டுத் தட்டை நகர்த்தினேன்.

அது ஆலிஸின் நினைவாகச் செய்ததாம். ஆலிஸாக நடித்த ஃபிரான்சஸ் ரீட் 1965-ல் முதல் எபிசோடில் இருந்தவர். 2007 வரை அதே வேடம். 2010-ல், 95 வயதில் போனார். 42 வருடம் ஒரே பெண்ணாக! நான் நானாகவே அத்தனை வருடம் இருந்ததில்லை.

அந்த ஆலிஸை ஒருமுறை டோனட்டாலேயே கொன்றார்கள். 2004 வாக்கில் ஊரில் வரிசையாகக் கொலை. ஆலிஸ் தொண்டையில் தன் கையால் செய்த டோனட்டே அடைத்தது. கொலைகாரி மார்லீனா என்று காட்டினார்கள். பாட்டி ஒரு வாரம் சாப்பிடவில்லை என்கிறார், கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார். அப்புறம் பார்த்தால் செத்த அத்தனை பேரும் ஒரு தீவில் உயிரோடு இருக்கிறார்கள். அசல் சேலம் மாதிரியே கட்டிய ஊர். தீவின் பெயர் மெலாஸ்வென். 'நியூ சேலம்' என்று ஆங்கிலத்தில் எழுதித் திருப்பிப் படித்தால் அதுதான்.

சிரித்தேன். சிரிக்கக் கூடாது, வயிறு இறுகுகிறது. சிரித்தேன்.

செப்டம்பர் 23, திங்கள். 27+2

ரெண்டு வாரமாக ஜானைக் காணோம் என்று பாட்டி குறைப்படுகிறார். இங்கே ரெண்டு வாரமாக விசா தேதியைக் காணோம்.

செப்டம்பர் 28, சனி. 28+0

28. டாக்டர் சொல்லியிருந்த எண் இது. யாரிடமும் சொல்லாமல் கவரின் ஓரத்தில் எழுதிக் கட்டம் போட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு. 28+1

ஞாயிறு எபிசோட் கிடையாது, பாட்டி வர மாட்டார். காலையிலேயே கதவைத் தட்டினார். இவர்தான் திறந்தார். பாட்டி உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, "ஜான் போய்விட்டார், ஹனி" என்றார்.

வழக்கம்போல நினைத்தேன். எத்தனையாவது முறை? தீவா, வேறு முகமா? வாயில் வந்துவிட்டது, சொல்லவில்லை. பாட்டி முகம் சீரியல் முகமாக இல்லை.

டிரேக் ஹோகஸ்டின் நேற்றுப் போய்விட்டார். கணையப் புற்றுநோய். இன்று 71 முடிந்திருக்கும், ஒரு நாள் மிச்சம். அந்தக் கட்டுப் போட்ட முகம் முதல் 38 வருடம் அவர்தான் ஜான். அதற்கு முன் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தவர், யாங்கீஸ் அணியின் கீழ்மட்டக் குழு ஒன்றில். மார்லீனாவாக நடிக்கும் டீட்ரா ஹால் 1976-லிருந்து இருக்கிறார். பாதி நாள் அவரைக் கடத்திக்கொண்டு போவதும் ஜான் மீட்டுக்கொண்டு வருவதும்தான் கதை.

பாட்டி தன் வீட்டுக்காரர் போனதைப் பற்றி இதுவரை ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொல்லியிருக்கிறார், அதுவும் குப்பை எடுக்கும் நாள் பற்றிப் பேசும்போது. இன்று ஜானுக்காக அழுதார். இவர் காபி போட்டுக் கொடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் துணி மடித்தார். நான் இடது பக்கமாகப் படுத்தபடியே கையை மட்டும் நீட்டினேன். பாட்டி கை சில்லென்று இருந்தது. மோதிரம் கழன்று வருமளவுக்கு விரல் இளைத்திருக்கிறது. கழன்றுவிடாமலிருக்க உள்பக்கம் நூல் சுற்றியிருக்கிறார்.

செப்டம்பர் 30, திங்கள். 28+2

இன்று எபிசோட் இருந்தது. பல மாதம் முன்பே எடுத்து வைத்துவிடுகிறார்கள். அதனால் அங்கே இன்னும் யாருக்கும் தெரியாது. காபி குடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், கதவோரம் ஒட்டுக் கேட்கிறார்கள்.

அக்டோபர் 3, வியாழன். 28+5

எல்லோரும் போங்கள்.

அக்டோபர் 7, திங்கள். 29+2

தூக்கம் இல்லை. போனில் படித்துக்கொண்டிருந்தேன். இந்தச் சீரியலை யோசித்தவர்கள் மூன்று பேர்: டெட் கார்டே, ஆலன் சேஸ், இர்னா ஃபிலிப்ஸ். டெட் மறு வருடமே இறந்துவிட, மனைவி பெட்டி எடுத்து நடத்தினார். இப்போது மகன் நடத்துகிறார். இர்னாதான் இந்த வகையறாவுக்கே தாய். சிகாகோக்காரர். 1930-லேயே ரேடியோவில் தினசரித் தொடர் எழுதியவர். சோப்பு கம்பெனிகள் காசு போட்டதால்தான் சோப் என்ற பெயர். 1937-ல் அவர் ரேடியோவில் தொடங்கிய ஒன்று டிவிக்கு மாறி 2009 வரை ஓடியது. 72 வருடம். உட்கார்ந்து எழுத மாட்டாராம்; எல்லாப் பாத்திரமாகவும் தானே பேசிக் காட்டுவார், பக்கத்தில் இருப்பவர் தட்டச்சு செய்ய வேண்டும்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 19 வயதில் அவருக்கு ஒரு குழந்தை. அந்த ஆள் விட்டுவிட்டுப் போய்விட்டான். குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பின்னால் இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்தார்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். மணி 3:10. ஒரு உதை. சரி. இன்னொன்று. சரி.

அக்டோபர் 11, வெள்ளி. 29+6

இன்று பாட்டி சொன்னதைக் கேட்டு மனசு கொஞ்சம் லேசாயிற்று. இந்தச் சீரியல் ஊரில் குழந்தைகள் மாடிக்குத் தூங்கப் போனால் வாலிபனாகத்தான் இறங்கி வருவார்களாம். தொட்டிலில் கிடக்கிற குழந்தையை வைத்து என்ன கதை சொல்வது? சீக்கிரம் காதலிக்க வேண்டும், சீக்கிரம் கோர்ட்டுக்குப் போக வேண்டும். டாம், ஆலிஸின் பேரன் மைக் 1968-ல் பிறந்தான். 1974-ல் அந்த வேடத்துக்கு வந்த வெஸ்லி யூருக்கு வயது 20-க்கு மேல்.

தொட்டிலே வேண்டாம், நேரே மாடிக்குப் போ, மீசையோடு இறங்கி வா என்று வயிற்றிடம் சொன்னேன். அப்புறம் உடனே, இல்லை இல்லை, மெதுவாக வா, ஒவ்வொரு நாளாக வா என்று வாபஸ் வாங்கினேன். எது காதில் விழுந்ததோ.

அக்டோபர் 15, செவ்வாய். 30+3

ராத்திரி ஆஸ்பத்திரி. ஏழு மணி நேரம். திரும்பி வந்தாயிற்று. எழுத மாட்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி. 30+6

மார்லீனாவுக்குப் பேய் பிடித்த கட்டத்தை இவரோடு உட்கார்ந்து பார்த்தேன் (அவர் உட்கார்ந்தார்). 1994-95-ல் மாதக்கணக்கில் ஓடியதாம். கண் மஞ்சளாகி, கட்டிலிலிருந்து மேலே எழும்பி மிதக்கிறாள். ஓட்டுவது யார்? ஜான். அவர் ஒரு காலத்தில் பாதிரியாராக இருந்தவர் என்று திடீரென்று தெரியவந்ததாம். "இதெல்லாம் பார்த்தா உனக்கு பிரஷர் ஏறாதா?" என்று கேட்டார் இவர். ஏறவில்லை, அளந்து காட்டினேன். அவருக்குத்தான் ஏறியிருக்கும், பாத்ரூம் விளக்கைப் போட்டே விட்டுத் தூங்கினார்.

கட்டிலிலிருந்து மேலே எழும்புவதை இரண்டு முறை பார்த்தேன். ஐந்து வாரமாகப் படுத்திருப்பவளுக்கு அது பேயாகத் தெரியவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய். 31+3

ஜூலியும் டக்கும். சூசன் சீஃபோர்த் ஹேஸ் 1968-லிருந்து ஜூலி. பில் ஹேஸ் 1970-ல் டக்காக வந்தார். நிஜத்தில் 1974-ல் கல்யாணம், கதையில் 1976-ல்தான். ஊர் மொத்தமும் இவர்களைப் பார்த்தது, 'டைம்' பத்திரிகை அட்டையில் போட்டார்கள். பாட்டியிடம் அந்த இதழ் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்டு. காட்டினார். தேதி 1976 ஜனவரி 12. பில் ஹேஸ் போனது இந்த வருடம் ஜனவரி 12, 98 வயதில். பாட்டி இதைக் கவனித்ததே இல்லை. நான் சொன்னதும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்லியிருக்க வேண்டாமோ.

செத்த பிறகும் பல மாதம் அவர் எபிசோடில் வந்துகொண்டிருந்தார். எடுத்து வைத்தது. அந்த மாதங்களில் பாட்டி அவரைப் பார்த்து என்ன நினைத்தார் என்று கேட்டேன். "ஹலோ டக் என்றேன், வேறென்ன."

அந்த ஆரம்பக் குரலும் அப்படித்தான். டாமாக நடித்த மெக்டொனால்ட் கேரி. 1994-ல் இறந்தார். முன்பெல்லாம் கடைசியில் தன் பெயரையும் சொல்வாராம். இறந்த பிறகு அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டார்கள். மணலை விட்டுவைத்தார்கள். 30 வருடமாகத் தினமும் அவர்தான் கதவைத் திறந்துவிடுகிறார்.

அக்டோபர் 24, வியாழன். 31+5

அம்மாவுக்குத் தேதி வந்துவிட்டது. டிசம்பர் 19. இந்தத் தேதிக்கு வராமலே இருந்திருக்கலாம்.

அக்டோபர் 31, வியாழன். 32+5

தீபாவளி. இவர் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துவிட்டார், படுத்தபடியே. வெளியே பிசாசு வேடத்தில் பிள்ளைகள் மிட்டாய் வாங்க அலைகிறார்கள். பாட்டி சூனியக்காரித் தொப்பியோடு வந்தார். முறுக்கு கொடுத்தோம். பல் இல்லாத பக்கம் ஒதுக்கிக் கரகரவென்று தின்றார்.

ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தார். ஹார்ட்டன் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மரத்தில் ஆளுக்கொரு உருண்டை மாட்டுவார்கள், பெயர் எழுதி. செத்தவர்களுக்கும் உண்டு, ஓடிப்போனவர்களுக்கும் உண்டு. பாட்டி வீட்டிலும் இதைப் பார்த்து ஆரம்பித்திருக்கிறார். ஐந்து பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வீட்டுக்காரர். பொட்டலத்தில் ஒரு சிவப்பு உருண்டை. பெயர் எழுதவில்லை. "பெயர் என்ன, ஹனி?"

பிறப்பதற்கு முன்னால் ஒரு ஜட்டிகூட வாங்கக் கூடாது என்பது அம்மா சட்டம். பெயர் வாயிலேயே வரக் கூடாது. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொய் சொன்னேன். பாட்டி போனதும் இவரிடம் கொடுத்து, துண்டுகளுக்கு அடியில் வைக்கச் சொன்னேன். அம்மாவிடம் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

நவம்பர் 4, திங்கள். 33+2

உதை 10, 50 நிமிடம். போன வாரம் 30 இருந்தது. இடம் குறைந்தால் அப்படித்தான் என்கிறார்கள்.

நவம்பர் 5, செவ்வாய். 33+3

பாட்டி ஓட்டுப் போட்டுவிட்டு ஸ்டிக்கரோடு வந்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. தேர்தல், கோர்ட் விசாரணை என்று எதையாவது காட்டி நடுவில் ஸ்டோரியை நிறுத்துவார்களே, அது இப்போது இல்லை என்பதில் மட்டும் அவருக்கு ஆப் பிடித்திருக்கிறது. 1995-ல் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கை மாதக்கணக்கில் காட்டியதை இன்னும் மன்னிக்கவில்லை.

உதை 10, ஒரு மணி 5 நிமிடம். மாத்திரை சாப்பிட்டதால் இருக்கும்.

நவம்பர் 8, வெள்ளி. 33+6

இன்றோடு சீரியலுக்கு 59 வருடம். பாட்டி டோனட் செய்கிறார் போல, கீழேயிருந்து வாசனை வருகிறது. ஒரு மணிக்கு வருவார்.

ஜில்லென்று தண்ணீர் குடித்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். 11:20-க்கு. இப்போது 12:35. நான்கு. இன்னொரு டம்ளர் குடித்துவிட்டு முதலிலிருந்து