தீபாவளிக்கு ஒரு மோட்டார்

"தீபாவளிக்கு மோட்டார் வாங்கித் தரச் சொல்றாங்களா? அடுத்த வருஷம் ஜெனரேட்டர் கேப்பாங்க போல" என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் எழுதினார். கீழே கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற மூஞ்சி மூணு. நான் பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் ஒன்றும் அனுப்பாமல் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கோபம் வந்தால் எனக்கு அதுதான் வழக்கம், அன்றைக்கு அடிப்பிடித்த பால் பாத்திரம்கூடப் பளிச்சென்று ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் சரவணம்பட்டிப் பக்கம் 144 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. நாலைந்து வருஷமாகவே தீபாவளிக்கு முன்னால் பணம் வசூல் செய்து, ஊருக்குத் தெற்கே இருக்கும் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போட்டு, ஸ்வீட் பாக்ஸும் மத்தாப்பும் கொடுத்துவிட்டு வருவது வழக்கம். மூணு கார் கிளம்பும். மதியம் ரெண்டு மணிக்கெல்லாம் எல்லோரும் வீட்டுக்கு வந்து தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி பார்க்க உட்கார்ந்துவிடலாம். இந்த வருஷம் பொறுப்பு என் தலையிலும் இன்னும் ரெண்டு பேர் தலையிலும் விழுந்தது. நான் செய்த ஒரே புது விஷயம், வசூலை ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்த இல்லத்துக்கு ஒரு போன் போட்டு "என்னங்க வேணும்?" என்று கேட்டது. கேட்டிருக்கக் கூடாது என்று இன்னமும் சிலர் நினைக்கிறார்கள்.

போனை எடுத்தது அங்கே வார்டனாக இருக்கும் அக்கா. "சாப்பாடு மட்டும் வேண்டாம் கண்ணு" என்றார் எடுத்த எடுப்பில். "அன்னைக்கு நாலு பேரு ஏற்கெனவே சொல்லிப்போட்டாங்க. போன வருஷம் ரெண்டு அண்டா பிரியாணியக் கொட்டுனோம், எனக்கு மனசே ஆறலீங்க." அந்த ரெண்டு அண்டாவில் ஒன்று நாங்கள் கொண்டுபோனதாகத்தான் இருக்கும். சரி, வேறு என்ன வேண்டும் என்றேன். கொஞ்சம் தயங்கினார். போர்வெல் மோட்டார் எரிந்து மூணு வாரமாச்சாம், உள்ளே எரிந்த கம்பிச் சுற்றை மாற்றி ரெண்டு தடவை காயில் கட்டியாச்சாம், இனி கட்ட முடியாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டாராம். 42 பிள்ளைகள், வாரத்துக்கு மூணு லாரித் தண்ணி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பிள்ளைகளுக்கு உள்ளாடையும் நாப்கினும் யாருமே தர மாட்டாங்க கண்ணு, கேக்கவும் எங்களுக்குக் கூச்சம்" என்றார். பட்டாசு? "அது வந்து குமியும், நீங்க கவலைப்படாதீங்க."

போனை வைத்த பிறகு காலண்டரை எடுத்துப் பார்த்தேன். அக்டோபர் 2 காந்தி ஜெயந்தியில் தொடங்கி 8 வரை 'தான் உத்சவ்' என்று ஒரு கொடை வாரம், 2009இல் ஆரம்பித்தது, ஐடி கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், மனிதவளத் துறையிலிருந்து மெயில் வரும். அது முடிந்தால் தீபாவளி. அப்புறம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இந்த இல்லங்களுக்குக் காரில் ஆள் வந்துகொண்டே இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து யாராவது ஒருத்தருடைய பிறந்த நாள், யாருடைய அப்பாவுக்காவது திதி என்று எப்போதாவது ஒரு வேளைச் சாப்பாடு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது, ஷூ, நோட்டு, பை என்று பணம் பிய்த்துக்கொண்டு போகிற நேரத்தில், வாசலில் ஒரு ஸ்கூட்டர்கூட நிற்காது. நமக்குத் தர்மம் செய்யத் தோன்றுவது நமக்கு போனஸ் வரும்போது. அவர்களுக்குத் தேவை வருவது அவர்களுக்கு வரும்போது. ரெண்டும் ஒரே மாதத்தில் வந்து சேருவதே இல்லை.

சரி, மோட்டாருக்கு வருகிறேன். இது கோயம்புத்தூர். நாடு முழுக்க மோட்டார் பம்பு செய்து அனுப்புகிற ஊர், மாவாட்டுகிற வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிற ஊர். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மோட்டாரைக் கேலி செய்தால் எப்படி? எங்கள் சி பிளாக்கில் ஒரு அண்ணன் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறார். பொதுவாகக் குழுவில் வாயே திறக்க மாட்டார், 'குட் மார்னிங்' படம்கூடப் போட மாட்டார். அவர்தான் அன்று ராத்திரி பத்து மணிக்கு எழுதினார்: "போர் எத்தனை அடி, எத்தனை ஹெச்பி என்று கேட்டுச் சொல்லுங்கள். கம்பெனி விலைக்கு எடுத்துத் தருகிறேன். இறக்குகிற அன்றைக்கு நானும் வருகிறேன்." அதோடு கேலி நின்றது. ஆனால் பணமும் நின்றுவிட்டது, அதுதான் பிரச்சினை. பிரியாணி என்றால் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு உடனே அனுப்புகிறவர்கள், மோட்டார் என்றதும் "பார்க்கலாம்" என்றார்கள். முதல் வாரத்தில் 37 வீடுதான்.

அதனால்தான் குடியிருப்பிலேயே பலகாரக் கடை போட்டு, கூப்பன் விற்று ஒரு கொண்டாட்டம் வைப்பது என்று முடிவானது. 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கள்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு வைத்தால் பாதிப் பேர் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை, நெல்லை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார்கள், மீதிப் பேர் கிராஸ்கட் ரோட்டிலும் ஒப்பணக்காரத் தெருவிலும் நசுங்கிக்கொண்டிருப்பார்கள் (அங்கே போலீஸ் கோபுரம் கட்டி மேலேயிருந்து மைக்கில் "பர்ஸைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லச் சொல்ல, நம் கை தானாகப் பர்ஸ் இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டிக்கொடுக்கும்). ஆகவே 12ஆம் தேதி. சாயங்காலம் நாலு மணிக்குப் புல்வெளியில் பந்தல், மேஜை, சீரியல் லைட் எல்லாம் தயார். நாலரைக்கு இடி இடித்தது. நாலே முக்காலுக்குப் பந்தலின் நடுவில் தண்ணி தொட்டில் மாதிரித் தொங்கியது. ஒரு வழியாக எல்லாவற்றையும் அடித்தளக் கார் நிறுத்தத்துக்கு இறக்கினோம். கார்களை வெளியே எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் அண்ணா வீடு வீடாகப் போய் மணி அடித்தார், அதனாலேயே, பொதுவாகக் கீழே வராதவர்கள்கூட இறங்கி வந்தார்கள். காரை எடுக்க வந்தவர்கள் வாசனை பிடித்து அங்கேயே நின்றுவிட்டார்கள்.

வாசனை என்றால் சும்மா இல்லை. ஏ பிளாக் ஆத்தா ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர், இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிகிற பலகையை ஊரிலிருந்து வரவழைத்திருந்தார். அவருடைய பேரனும் மருமகனும் மாற்றி மாற்றி அழுத்த, சுடச்சுடச் சந்தகை, மேலே தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும். பக்கத்தில் ஒப்பிட்டு. அதற்குப் பக்கத்தில் கச்சாயம். இது அதிரசம்தானே என்று கேட்ட ஒரு தஞ்சாவூர்க்காரருக்கு அங்கேயே ஐந்து நிமிடம் வகுப்பு எடுக்கப்பட்டது. கல்லூரிப் பசங்க நாலு பேர் ரோட்டுக்கடை மாதிரியே காளான் போட்டார்கள், பெரிய கல், மேலே வெங்காயம், கொத்துமல்லி, ரெண்டு கரண்டியும் கல்லில் அடிக்கும் சத்தம், அந்தத் தாழ்வான கூரைக்குக் கீழே காது அடைத்தது. கூட்டம் முழுக்க அங்கேதான். வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கிற ஒரு அக்கா முறுக்கும் மைசூர்பாகும் தீபாவளி லேகியமும் வைத்தார். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு உண்டா என்று ஒரு வக்கீல் அண்ணன் கேட்க, அவர் பையிலிருந்து சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்து, அதன்மேலேயே முறுக்கு டப்பாவையும் வைத்தார்.

பழைய துணி வாங்குவதில்லை என்று மூணு தடவை அறிவித்திருந்தோம். இருந்தும் 23 மூட்டை வந்தது. அடுத்த நாள் ராத்திரி நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பிரித்தோம். பித்தான் இல்லாத சட்டைகள், ஜிப் போன ஜீன்ஸ், வேறொரு பள்ளிக்கூடத்துச் சீருடை, ஒற்றைச் செருப்பு. ஒரு மூட்டையில் கோட்டு சூட்டு, கல்யாண வரவேற்புக்குத் தைத்தது போல. 42 பெண் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு அதை யார் எதற்காகக் கொடுத்தார்கள் என்று இதுவரை தெரியவில்லை. இன்னொன்றில் பட்டுப் புடவை, மடிப்புக்குள் ஒரு பழைய சம்பளக் கவர், காலி. தேறியது ஆறு மூட்டை. பருத்தி பனியன்களை எல்லாம் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர் ஒருத்தர் எண்ணெய் துடைக்க ஆகும் என்று எடுத்துக்கொண்டார். மீதி எங்கே போனது என்று கேட்காதீர்கள். நம் அலமாரியைக் காலி செய்வதற்குத் தர்மம் என்று பேர் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் சொல்வேன்.

பணக் கணக்கு. இதை எழுதாவிட்டால் சங்கப் பொருளாளர் என்னை விடமாட்டார். கூப்பன் விற்றது 46,800. அதில் சாமான் செலவு 14,300, பந்தல், நாற்காலி, மைக் செட் 9,500. போக மிஞ்சியது 23,000. தம்போலா விளையாட்டில் 6,400. நேரடி வசூல் 78,460. ஆக மொத்தம் 1,07,860 ரூபாய். "இத்தனை பாடுபட்டுக் கடைபோட்டு 23,000தானா? வீட்டுக்கு 200 ரூபாய் கூடக் கேட்டிருந்தால் முடிந்ததே" என்று ஒருவர் கேட்டார். கணக்குப்படி அவர் சொல்வது சரி. ஆனால் கொண்டாட்டத்துக்கு முன்னால் 37 வீடு கொடுத்தது, அன்று ராத்திரிக்கும் புதன்கிழமைக்கும் நடுவில் 91 ஆனது. சந்தகை தின்றுகொண்டே அந்த பம்பு கம்பெனி அண்ணனிடம் "அதென்னங்க காயில் கட்டறது?" என்று கேட்டவர்கள்தான் அதில் பாதிப் பேர். கொடுத்த தொகையைப் பாருங்கள்: 501, 1,001, 2,501. க்யூஆர் ஒட்டிவைத்து ஜிபேயில் அனுப்பச் சொன்னாலும் மொய் எழுதுகிற கை அந்த ஒரு ரூபாயை விடுவதில்லை. ஒரு தாத்தா மட்டும் போனை நம்பாமல் ரூபாயை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார்.

வருமான வரிக் கழிவுக்கு 80ஜி ரசீது கேட்டவர்களும் உண்டு. எங்கள் சங்கத்துக்கு அது கிடையாது, இல்லத்தை நடத்துகிற அறக்கட்டளைக்கு உண்டு, வேண்டுமென்றால் அங்கேயே நேராக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டோம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடைக்காது, புதிய வரி முறையில் இருந்தால் எப்படிக் கொடுத்தாலும் கிடைக்காது. இதைச் சொன்னதும் ரெண்டு பேர் முகம் வாடியது. கொடுத்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.

போட்டோதான் பெரிய சண்டை. மோட்டார் இறக்குகிற அன்றைக்குப் பிள்ளைகளோடு நின்று ஒரு படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும், கொடுத்தவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்றார்கள். கூடாது என்றேன். என் சொந்தப் பிடிவாதம் இல்லை, 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், பள்ளிக்கூடம், படம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது, ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது ரெண்டு லட்சம் வரை அபராதம், ரெண்டும்கூட. "வாட்ஸ்அப் ஊடகமா?" என்றார் ஒருவர். வக்கீல் அண்ணனைப் பார்த்தோம். அவர் கச்சாயம் தின்பதை நிறுத்தாமல், "போட்டுப் பாருங்க, அப்புறம் தெரியும்" என்றார். சட்டத்தை விடுங்கள். நம் பிள்ளை கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து, இவர்கள் கொடுத்தது என்று நாலு பேர் தோளில் கை போட்டுப் படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா? இத்தனை வருஷம் நாங்கள் எடுத்த படங்கள் என் போனிலும் இருந்தன. அன்று ராத்திரி உட்கார்ந்து அழித்தேன்.

வியாழக்கிழமை மோட்டார் இறங்கியது. பழையதை மேலே இழுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது, பாதி பைப் துருப்பிடித்துக் கிடந்தது, அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. மோட்டார், பைப், கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 52,000. உள்ளாடையும் நாப்கினும் 18,400, அளவு வாரியாகப் பட்டியல் எழுதி வாங்கி, மொத்தக் கடையில் எடுத்தோம். மூணரை மணிக்குச் சுவிட்சைப் போட்டார்கள். முதலில் காற்று, அப்புறம் செம்மண் கலங்கல், கால் மணி நேரம் கழித்துத்தான் தெளிந்த தண்ணி. வார்டன் அக்கா புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு முதல் வேலையாக ஒரு அண்டாவைக் கழுவ ஆரம்பித்தார். எங்களுக்குக் காபி கொடுக்க மறந்தே போய்விட்டார், பாதி வழி வந்த பிறகு போன் போட்டு மன்னிப்புக் கேட்டார்.

மிச்சம் 37,460. ஜூன் மாதம் ஷூவுக்கும் நோட்டுக்கும் என்று தனியாக வைத்திருக்கிறோம். இதற்கும் எதிர்ப்பு உண்டு. "தீபாவளிக்கு வாங்கிய பணத்தைத் தீபாவளிக்கே செலவு செய்ய வேண்டும்" என்று பொருளாளர். பொதுக்குழு கூடினால் மறுபடி வரும், வரட்டும்.

கூப்பன் கணக்கில் மட்டும் இன்னும் இடிக்கிறது. விற்றதற்கும் கடைகளில் திரும்பி வந்ததற்கும் 60 ரூபாய் வித்தியாசம். நேற்று லிஃப்டில் பி பிளாக் பையன் ஒருத்தன், மூணாவது படிக்கிறான், பள்ளிப் பையிலிருந்து கசங்கிப்போன இருபது ரூபாய்க் கூப்பன் மூணை எடுத்து நீட்டினான். "ஆன்ட்டி, காளான் மறுபடி எப்ப போடுவீங்க?"