கிதெ, கித்தெ: நிஷிகசாய் வகுப்புக் குறிப்புகள்

மே 11, 2024, சனி
டோக்கியோ நிஷிகசாய்ல நான் உதவிக்குப் போற ஜப்பானிய வகுப்புல இன்னிக்கு நெடில் பாடம். ஒபசான்னா அத்தை, ஒபாசான்னா பாட்டி, பிருன்னா கட்டடம், பீருன்னா குடிக்கற பீர். நம்ம ஊர்க்காரங்க கேட்ட உடனே பிரிச்சு சொல்லிட்டாங்க, கல்லு, காலுன்னு கேட்டு வளர்ந்த காதாச்சே. நேபாளி அண்ணன் ஒருத்தர்தான் திணறினாரு, அவங்க எழுத்துல இ, ஈ ரெண்டும் இருக்கு ஆனா பேச்சுல அந்த வித்தியாசம் இல்லை. பாவம், அவரைக் குறை சொல்லவே முடியாது. ஜப்பான் குழந்தைங்களுக்கே இது பிறவியிலேயே வர்றதில்லை, 2010ல வந்த ஆய்வுல நாலு மாசத்துலயும் ஏழரை மாசத்துலயும் பிரிக்க முடியல, ஒன்பதரை மாசத்துலதான் பிரிச்சிருக்குங்க.

மே 14, செவ்வாய்
ராத்திரி உக்காந்து சனிக்கிழமை ரெக்கார்டிங்கை ப்ராட்ங்கற, குரலை அலையா வரைஞ்சு காட்டற சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்தேன். கிதெ (வா), கித்தெ (ஸ்டாம்ப்). கிதெல வர்ற த-வை தம்பில வர்ற மாதிரி அழுத்தியே படிங்க. ஜப்பான் டீச்சர் சொல்றப்ப த-வுக்கு முன்னாடி சத்தமே இல்லாம அலை நேர்கோடா ஓடுது, கித்தெல அந்தக் கோடு ரெண்டரை மடங்குக்கு மேல நீளம். நம்மாளுங்க சொன்னதுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம்!

யோசிச்சா காரணம் நம்ம வாயிலயே இருக்கு. தமிழ்ல ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்தையா வர்ற வல்லினம் மெலிஞ்சுடும், விதைல வர்ற த வேற, வித்தைல வர்ற த வேற. அழுத்தமாவும் இருக்கணும் ஒத்தையாவும் இருக்கணும்னா நமக்குப் பழக்கமே இல்லை, வாய் தானா இரட்டிச்சுடுது. கித்தெலயோ நாம நிக்கறது பத்தல, நம்ம இலக்கணத்துல மெய்க்கு அரை மாத்திரை, அங்க அந்த மௌனத்துக்கு முழுசா ஒரு தட்டு, அதாவது ஒரு குறில் எழுத்துக்கு உண்டான நேரம். ஒத்தை நீண்டு இரட்டை குறுகி ரெண்டும் நடுவுல வந்து நிக்குது. இங்கிலீஷ்காரங்களுக்கு இரட்டை வராதுங்கறதுதான் கஷ்டம், நமக்கு ஒத்தை வரமாட்டேங்குது. பாடப்புத்தகங்கள்ல இதை யாராவது எழுதணும்.

மே 25, சனி
கைதட்டிச் சொல்ல வெச்சோம். கி, அப்புறம் வாயை மூடிட்டு ஒரு தட்டு, அப்புறம் தெ. தட்டுறப்ப எல்லாருக்கும் வருது, பேச ஆரம்பிச்சா காணாமப் போயிடுது. மொழியியல் ஆய்வாளர் யுகாரி ஹிராட்டா 2004ல இங்கிலீஷ்காரங்களை வெச்சுப் பண்ணின ஆய்வுலயும் தனி வார்த்தைல பழகினவங்களைவிட வாக்கியத்துல பழகினவங்களுக்குத்தான் அது மத்த இடத்துலயும் கைகொடுத்துது. அதனால தனி வார்த்தை ட்ரில்லை இனிமே குறைச்சுக்கறோம்.

ஜூன் 1, சனி
"சொத்தொ கிதெ", கொஞ்சம் இங்க வாயேன். ஒரே மூச்சுல இரட்டையும் வருது ஒத்தையும் வருது, இதைவிட நல்ல பயிற்சி வாக்கியம் எனக்குத் தெரியல. நிதானமா சொல்றப்ப மதுரை அக்காவுக்கு சரியா வந்துது, வேகம் கூட்டினதும் ரெண்டும் இரட்டை ஆயிடுச்சு. வேகமாப் பேசினா எல்லா நீளமும் சுருங்கும்ல, காது பக்கத்து எழுத்துங்களோட ஒப்பிட்டுத்தான் குறிலா நெடிலா, ஒத்தையா இரட்டையான்னு முடிவு பண்ணுது, அதனால டீச்சரை மூணு வேகத்துல பேசச் சொல்லி ரெக்கார்டிங் வாங்கியிருக்கேன். அடுத்த வாரம் கடைசில வர்ற நெடில், கக்கோ (பள்ளிக்கூடம்) மாதிரி. அதுல நம்மாளுங்களும் கடைசி ஓவை முழுங்கறாங்க.