பால் தீய்ந்த வாசனை

"பால் தீஞ்சு வீடே நாறுது, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் உங்க அப்பா" என்று அம்மா போனில் குறைபட்டது 2014-இல். வயசாச்சு என்று விட்டுவிட்டோம். நான்கு வருஷம் கழித்து, விபூதி எடுப்பது போல அப்பாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் உரசத் தொடங்கிய பிறகுதான் திருச்சி டாக்டர் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்றார். நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே மோப்பம் குறையலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூட அப்பா பக்கத்தில் நான் இல்லை. அந்த உறுத்தலில்தான் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் 'டீம் ஃபாக்ஸ்' தன்னார்வலர்களோடு சேர்ந்தேன். 29 வயதிலேயே இந்த நோய் வந்த நடிகர் ஃபாக்ஸ், ஆராய்ச்சிக்காக 2000-இல் தொடங்கிய அமைப்பு அது.

பதிவு செய்வது சுலபம். பணம் கேட்பதுதான் முதலில் நாக்கில் வரவில்லை. நாலு குடும்பமாகச் சேர்ந்து தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் இட்லி, வடை போட்டோம். 1,140 டாலர் சேர்ந்தது. மொத்தத்தையும் நானே கட்டிவிட்டு, கம்பெனியில் மேட்ச்சிங் கேட்டேன், அதாவது ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாகக் கம்பெனியும் கொடுப்பது. ஊழியரின் சொந்தப் பணத்துக்கு மட்டும்தான் தருவோம் என்றார்கள். அடுத்த முறை மேசையில் க்யூஆர் கோடு வைத்தோம். அவரவர் நேரடியாகக் கட்டினார்கள், ரசீது அவரவர் பெயரில் வந்தது, அதைக் காட்டி அவரவர் கம்பெனியில் கேட்டார்கள். பலருக்குக் கொடுத்த தொகை இரட்டிப்பானது. நிதி திரட்டுகிறவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

அப்புறம்தான் தெரிந்தது, ஆராய்ச்சிக்குப் பணம் மட்டும் போதாது, நோய் இல்லாத ஆட்களும் வேண்டும். பார்க்கின்சன் எப்படி வந்து வளர்கிறது என்று பின்தொடர அறக்கட்டளை 2010 முதல் நடத்தும் பிபிஎம்ஐ ஆய்வுக்காக, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் 40 வயது தாண்டியவர்களுக்கு மோப்பப் பரிசோதனையைத் தபாலில் இலவசமாக அனுப்புகிறார்கள். எனக்கும் வந்தது. மொத்தம் 40 வாசனை. பழுப்புப் பட்டையைப் பென்சில் முனையால் சுரண்டி முகர்ந்து, நாலு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். தெரியாவிட்டாலும் ஒன்றைக் குறித்தே ஆக வேண்டும். கிராம்பு சட்டென்று பிடிபட்டது, தேங்காயும் அப்படியே. ரூட் பீர் என்ற அமெரிக்க இனிப்புப் பானத்தை நான் குடித்ததே இல்லை. நம் மூக்குக்குப் பழகாத வாசனைகளும் அதில் உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம்.

இப்படித் தேடித் தேடி ஆட்களைச் சேர்த்ததன் பலன் 2023-இல் தெரிந்தது. பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதம் கோணலாக மடிந்து கிடப்பதை முதுகுத்தண்டு நீரில் கண்டுபிடிக்கும் பரிசோதனை வேலை செய்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. நடுக்கம் வராத சிலரிடமும் அது தென்பட்டது. அப்பாவின் 2014 போன்ற ஒரு வருஷத்திலேயே கண்டுபிடிக்க வழி பிறக்கிறது என்றால், எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

போன பொங்கல் விழாவில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்தோம், மோப்பப் பரிசோதனைக்கு விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுத. பதினேழு பேர் எழுதினார்கள். முதல் பெயர் என் மனைவியுடையது.