ஷவரில் தண்ணீர் இல்லை, சுவரில் போர்டு இருக்கிறது

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு தீம் பார்க்குக்குப் பிள்ளைகளோடு போய்விட்டு நேற்று இரவுதான் திருச்சி திரும்பினோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், எதை எடுத்துப் போவது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். ஆனால் முதலில் அந்த ஷவர்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மொத்தக் கூட்டமும் உடை மாற்றும் அறைக்கு வந்து சேர்ந்தது. நாள் முழுக்கக் குளோரின் தண்ணீரில் ஊறிய உடம்பை நல்ல தண்ணீரில் அலசாமல் சட்டை போட முடியாது. ஆண்கள் பக்கம் வரிசையாகப் பத்து ஷவர், பத்திலும் நூல் மாதிரித் தண்ணீர். என் மகன் தலை நிறைய ஷாம்பு நுரையோடு நிற்கிறான், நுரை இறங்கவே மாட்டேன் என்கிறது. கண் எரிகிறது என்று அழ ஆரம்பித்துவிட்டான். கையிலிருந்த ஒரு லிட்டர் பாட்டிலை அடியில் பிடித்தேன். நிறைய இருபது விநாடிக்கு மேல் ஆனது. நிமிடத்துக்கு மூன்று லிட்டர்கூடத் தேறவில்லை. பாட்டிலில் பிடித்துப் பிடித்து ஊற்றித்தான் அவன் தலையை அலசினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. பெண்கள் பக்கம் இன்னும் மோசமாம். இடுப்பு வரை முடி வைத்திருக்கும் என் அக்கா, முடியை அலசாமலே துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

அங்கே நின்ற ஊழியரிடம் கேட்டேன். "சார், தண்ணி சேவ் பண்ணத்தான் பிரஷர் கம்மியா வச்சிருக்கோம்" என்று சுவரைக் காட்டினார். தண்ணீரைச் சேமிப்போம் என்று பெரிய நீலப் போர்டு. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். ஆனால் அந்தப் பதில் பொய். அந்த ஷவர்கள் எதிலும் தனிக் குழாய் கிடையாது. எங்கோ ஒரு வால்வைத் திறந்துவிட்டால் பத்தும் சேர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும், கீழே ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் என்றால் ஒரு ஷவருக்கு மணிக்கு 180 லிட்டர், பத்துக்கும் சேர்த்து 1800. மத்தியானம் யாருமே இல்லாத நேரத்தில் நான் கழிப்பறைக்குப் போனபோதும் பத்தும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தன. ஆளில்லாமல் ஓடுவது எப்படிச் சேமிப்பு ஆகும்?

என் அக்கா வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்கு மேலாக பிளம்பிங் காண்ட்ராக்ட் எடுப்பவர். ஷவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மாப்ள, இதுல கால் கிலோ பிரஷர்கூட இல்ல" என்றார். அவர்கள் அழுத்தத்தைக் கிலோவில்தான் சொல்வார்கள், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று. ஷவரைவிடத் தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு கிலோ கிடைக்கும். இங்கே தொட்டி அந்த அறையின் மொட்டை மாடியிலேயே உட்கார்ந்திருக்கிறது, ஷவருக்கு மேல் ஓர் ஆள் உயரம்தான் இருக்கும். அதிலிருந்து இறங்கும் ஒரே சிறிய பைப்பைப் பத்து ஷவரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஷவர் துளைகளில் பாதி, போர்த் தண்ணீரின் உப்பு படிந்து வெள்ளையாக அடைத்துக்கிடந்தன. பைப்பைப் பெரிதாக்கி, சின்னதாக ஒரு பிரஷர் பம்ப் வைத்து, அழுத்தினால் அரை நிமிடம் ஓடித் தானாக நிற்கும் குழாயைப் போட்டால் போதும் என்றார் மாமா. தண்ணீர் நன்றாக அடிக்கும்போது ஆள் சீக்கிரம் குளித்துவிட்டு நகர்ந்துவிடுவார், தேவையில்லாத நேரத்தில் ஒரு சொட்டும் போகாது. பராமரிப்பில் காசை மிச்சம் பிடித்துவிட்டு அதற்குத் தண்ணீர்ச் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் இதில்தான்.

ஏனென்றால் சென்னையில் தண்ணீரைச் சேமிப்பது என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை. அக்கா இருப்பது சைதாப்பேட்டையில். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் ஏறக்குறைய வறண்டுபோனபோது, லாரி வரும் சத்தம் கேட்டதும் குடங்களோடு தெருமுனைக்கு ஓடிய கதையை அவள் இன்னும் சொல்வாள். நகரத்தில் பல ஹோட்டல்கள் மத்தியானச் சாப்பாட்டையே நிறுத்தின. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 50 வேகன், ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர். இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தை நிரப்பினால் அந்த ரயில் காலி. அப்படிப்பட்ட ஊரில் அந்தப் போர்டில் எழுதியிருப்பதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அதை இப்படிப் பயன்படுத்துவது பொறுக்கவில்லை.

அப்படியானால் தீம் பார்க்கே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சறுக்கிலும் அலைக்குளத்திலும் ஓடுவது ஒரே தண்ணீர்தான். மணல் ஃபில்டர் வழியாகப் பம்ப் அதையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. இழப்பு வேறு இடங்களில். ஒன்று வெயில்: 1000 சதுர மீட்டர் குளத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 5000 லிட்டர் போச்சு. இன்னொன்று பேக்வாஷ். ஃபில்டரில் அழுக்கு சேர்ந்ததும் தண்ணீரை எதிர்த்திசையில் அடித்துக் கழுவி வெளியே விட வேண்டும். அழுக்கு எவ்வளவு சீக்கிரம் சேர்கிறதோ அவ்வளவு தடவை கழுவ வேண்டும்.

இங்கேதான் அந்த ஷவர் திரும்பவும் வருகிறது. குளத்தில் இறங்கும் முன் குளிக்கச் சொல்வது சும்மா இல்லை. தலையில் தேங்காய் எண்ணெய், முகத்தில் பவுடர், உடம்பில் வியர்வை எல்லாமே குளத்துக்குப் போகும். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் பொருள்தான் அந்தக் கண்ணெரிச்சலுக்கும் மூக்கைத் துளைக்கும் வாடைக்கும் காரணம். வாடை அடித்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நேர்மாறு. அந்த வாடையைக் குறைக்க ஒரு வழி, பழைய தண்ணீரில் கொஞ்சம் வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவது. ஆக, காலையில் ஒழுங்காக ஷவர் அடித்திருந்தால் நூற்றுக்கணக்கான பேர் குளித்துவிட்டு இறங்கியிருப்பார்கள். நான் பார்த்தவரை ஒருவரும் குளிக்கவில்லை. அந்த நூல் தண்ணீருக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்துவிட்டு நேராகக் குளத்துக்குப் போனார்கள். மத்தியானத்துக்குள் அலைக்குளத்தின் ஓரத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. ஷவரில் மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் தண்ணீரைப் போல எத்தனை மடங்கு பேக்வாஷில் போகும் என்று அவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பிரஷர் குறைவு ஷவரோடு நிற்கவில்லை. டியூபில் மிதந்தபடி சுற்றிவரும் ஓடையில் ஒரு வளைவில் தண்ணீர் நகரவே இல்லை. பத்துப் பதினைந்து டியூப் அங்கே முட்டிக்கொண்டு நின்றன, ஒரு பையன் இறங்கித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். பெரிய சறுக்கு ஒன்றை பம்ப் ரிப்பேர் என்று மூடிவிட்டார்கள். மூடியது சரிதான். தண்ணீர்ப் படலம் மெலிந்தால் முதுகு உரசும், நடுவழியில் ஆள் நின்றுவிடுவார், பின்னால் வருபவர் மோதுவார். ஆனால் டிக்கெட் கவுண்டரில் சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? முழுக் காசையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனபின் சங்கிலி போட்டிருந்தால் என்ன அர்த்தம்?

காசு என்றதும் ஆட்டோ ஞாபகம் வருகிறது. மெயின் ரோட்டு நிறுத்தத்திலிருந்து பார்க் வாசலுக்கு இரண்டு கிலோமீட்டர்தான். முந்நூறு ரூபாய் கேட்டார் ஒருவர். இருநூற்றைம்பதுக்குக் குறைய மாட்டேன் என்று பிடிவாதம். வெயிலில் பிள்ளைகளை நடக்கவைக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கொடுத்தோம். உள்ளே வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. அக்கா கட்டிய புளிசாதம் வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே சாப்பிட்ட ஃப்ரைட் ரைஸைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, விலையைத் தவிர. ஆறு பேருக்கு ஆன தொகையில் திருச்சியிலிருந்து சென்னைக்கு எல்லாரும் ரயிலில் வந்துவிடலாம்.

ஆனால் ராத்திரி சைதாப்பேட்டையில் சாப்பிட்ட வடகறி! அடடா. பெயர்ப்பலகைகூட இல்லாத சின்னக் கடை. கடலைப்பருப்பு வடையை உதிர்த்துப்போட்டு, சோம்பும் பட்டையும் மணக்க, மேலே எண்ணெய் பிரிந்து மினுங்கும் வடகறி. கூடவே மெத்தென்று செட் தோசை. கண்ணெரிச்சலோடு உம்மென்று வந்த என் மகன் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு செட் கேட்டான். எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டும் பார்க்கில் கொடுத்ததில் கால் பங்குகூட ஆகவில்லை. மாமா அங்கேயும் விடவில்லை. "கோயம்பேட்டுலயும் கொடுங்கையூர்லயும் கழிவுநீரையே ஒரு நாளைக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் சுத்தம் பண்ணிக் கம்பெனிகளுக்குக் கொடுக்க பிளான்ட் கட்டியிருக்கான். இவங்களால ஷவர்ல விழுற தண்ணிய புல்வெளிக்குத் திருப்ப முடியாதா?" என்றார். நியாயமான கேள்வி. நாங்கள் வெளியே வரும்போது பச்சைப் புல்லுக்கு ரப்பர் ஹோஸில் நல்ல தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார்கள், ஷவரில் வராத அத்தனை பிரஷரோடும்.

சரி, போகிறவர்களுக்கு. வார நாளில் போங்கள், ஞாயிறு வேண்டவே வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப்போங்கள், எண்ணெய் வைக்காமல் தலை வாரிப் போங்கள். காலையில் அந்த ஷவரில் மக்கில் பிடித்தாவது ஒரு தடவை உடம்பை நனைத்துவிட்டு இறங்குங்கள், எல்லாரும் இறங்கும் குளம் அது. நைலான் உடை வீட்டிலிருந்தே கொண்டுபோனால் வாடகை மிச்சம். எந்த ரைடு மூடியிருக்கிறது என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள். நாலரை மணிக்கே குளிக்கப் போய்விடுங்கள். லாக்கர் டெபாசிட் திரும்ப வாங்கும் வரிசை நீளம், ரசீதோடு ஒருவரை முன்னாடியே அனுப்பி நிறுத்திவிடுங்கள்.