புளியந்தீவிலிருந்து கல்முனை வரை: சபை பாடும் பாட்டு

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் ஞாயிறு காலையில் நடந்தால், ஒரு பக்கம் திருப்பலிப் பாட்டும் இன்னொரு பக்கம் கீர்த்தனையும் காதில் விழும். பாட்டுக்காகவே மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் சனி பின்னேரமே வந்துவிடுவது நல்லது. கேட்டுக்கொண்டால் பாடகர் குழாத்தின் பயிற்சியின்போதும் பின் வாங்கில் இருக்க விடுவார்கள்.

வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி 1814இல் இங்கே வந்து, அடுத்த வருடமே இறந்துபோனார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் போட்ட விதை. இந்தச் சபையில் பாமாலையும் உண்டு, கீர்த்தனையும் உண்டு. பாமாலை, மேல்நாட்டு மெட்டில் தமிழ்ச் சொல்லை உட்கார வைத்தது. மெட்டு இழுக்கிற இடத்தில் குறில் வந்தால் ‘மலை’ ‘மாலை’யாகிவிடும், ‘விடு’ ‘வீடு’ ஆகிவிடும். கீர்த்தனையில் இந்தச் சங்கடம் குறைவு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் ராகத்திலும் தாளத்திலும், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கட்டியது அது. வேதம் அறியாத ஒருவர் வாசலில் நின்று கேட்டாலும் சொல் விளங்கும். விசுவாசத்தைப் பகிரும் பாட்டுக்கு அதுதான் முதல் தகுதி.

சபை வாய் திறக்காமல் நிற்பதற்குப் பக்திக் குறைவு காரணமில்லை, சுருதிதான் காரணம். பயிற்சி பெற்ற குரலுக்கு வைத்த சுருதி பின் வாங்கில் இருக்கும் அம்மாவுக்கு எட்டாது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணுவார்கள்; மேல் ஸ்தாயியில் 2 கட்டைதான் (மேல்நாட்டு முறையில் D) சபைக்கு உச்சம். பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை அங்கே வைத்து, அதிலிருந்து கீழே எண்ணி வரவேண்டும். அனுபல்லவி மேல் அந்தர காந்தாரத்தை (மேல் ஸ்தாயி ‘க’) தொட்டால், ஆதார சட்ஜம், அதாவது பாட்டின் அடிப்படை ‘ச’, கீழ் 6½ கட்டைக்கு இறங்கும். இறக்கத் தயங்கக்கூடாது. கீபோட்டில் தானாக ஓடும் நாலு அடித் தாளத்தை ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாப்புப் பாட்டுக்குப் போடுவது இன்னொரு கேடு. முதல் ஆவர்த்தனத்திலேயே, அதாவது தாளத்தின் முதல் சுற்றிலேயே, சொல் தாளத்தை விட்டு நழுவும்.

கடற்காற்று ஆர்மோனியத்துக்கு ஆகாது. உள்ளே அதிர்ந்து ஒலி தரும் பித்தளை நாக்கில் பச்சை பிடித்து, நுனி கனத்து, சுருதி இறங்கும். மெல்லிய தாளை நாக்குக்குக் கீழே கொடுத்துப் பிடித்து, தூரிகையால் துடைத்தாலே பாதி சரியாகும். அதன் பிறகும் இறங்கியிருந்தால் நுனியை இரண்டே இழுப்பு அராவலாம். ஏறியிருந்தால் அடிப்பக்கத்தைச் சுரண்ட வேண்டும். கூடச் சுரண்டிய நாக்கு முறியும். மாரி மழையில் தபேலாத் தோல் தளர்வதால், ஆராதனைக்கு அரை மணிக்கு முன்பே பக்கத்து வாரில் செருகிய மரக்கட்டைகளைத் தட்டிச் சுருதியை ஏற்றிவிடுவார்கள்.

புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்று போதும். திருப்பலிக்குப் பத்து நிமிடம் முன்பு, முதலில் சொல்லை மட்டும் வாசிக்க வைத்து, பிறகு பல்லவியை இரண்டு தரம் பாடிக் காட்ட வேண்டும். சரணம் குழாத்துக்கு, பல்லவி சபைக்கு. நாலு ஞாயிறும் அதே பாட்டு வந்தால் ஐந்தாவது ஞாயிறு கொப்பி தேவைப்படாது.

கடற்கரை வீதியால் தெற்கே 40 கிலோமீற்றர் அளவில் கல்முனை. அங்கேயும் கத்தோலிக்க, மெதடிஸ்த ஆலயங்கள் உண்டு. காலைப் பஸ்ஸில் போய் வரலாம்.

சபையின் குரலை மட்டும் கேட்க ஆசையென்றால் தவக்காலத்தில் வாருங்கள். கத்தோலிக்க ஆலயங்களில் அப்போது அல்லேலூயா இல்லை. வாத்தியம் குரலைத் தாங்க மட்டும். பெரிய வியாழன் ‘உன்னதங்களிலே’ பாட்டோடு மணியும் அடங்கிவிடும். சனி இரவுப் பாஸ்காத் திருவிழிப்பில் அதே பாட்டில்தான் மணியும் வாத்தியமும் ஒன்றாகத் திரும்பும். மரியன்னை பேராலயத்தில் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போனால்தான் வாங்கு கிடைக்கும்.